புகை நீரா, ஜிப்ரலிக் அமிலமா, வெந்நீரா: முளைக்காத விதைக்கு எதைக் கொடுப்பது?

சந்தன விதையை ஊறவைத்துப் போட்டு ஒன்றரை மாதம் ஆகிறது, ஒன்றுகூட வரவில்லை. சரக்கொன்றை நெற்றை உடைத்துப் போட்டதில் நாலைந்துதான் முளைத்தது. ஆஸ்திரேலியாவில் விதையைப் புகை நீரில் ஊறவைக்கிறார்களாமே, நாமும் செய்யலாமா? சிறு நாற்றங்கால் வைத்திருப்பவர்களும் மாடித்தோட்டக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. கேட்கிறவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே மனதுக்குள் ஒரு முடிவெடுத்திருப்பார்கள். ஒரு தரப்பு, முளைப்பைத் தூண்டும் தாவர ஹார்மோனான ஜிப்ரலிக் அமிலப் பொடியை வாங்கத் தயாராக இருக்கும். இன்னொரு தரப்பு, 'இயற்கை வழி' என்று சொல்லி டிரம்மில் புகை பிடிக்கத் தயாராக இருக்கும்.

இரண்டுமே நல்ல முறைகள்தான், ஆனால் இரண்டும் ஒரே வகைச் சிக்கலுக்கானவை. நம் ஊர் மர விதைகள் பலவற்றில் சிக்கலே வேறு. அதனால் முறைகளை ஒப்பிடும் முன் விதையைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

## விதை ஏன் முளைக்கவில்லை?

முதல் கேள்வி, விதை உயிரோடு இருக்கிறதா என்பது. வேப்பம் விதைக்கு உறக்கமே, அதாவது உயிரோடு இருந்தும் முளைக்காமல் கிடக்கும் நிலையே, கிடையாது. பழுத்து விழுந்த இரண்டு மூன்று வாரத்திலேயே முளைப்புத்திறன் வேகமாகக் குறைந்துவிடும். பலா, மா, நாவல் விதைகளும் காய்ந்தால் போச்சு. இவற்றுக்கு எந்த ஊக்கியும் வேண்டாம்; பழத்திலிருந்து எடுத்த கையோடு நட வேண்டும், அவ்வளவுதான். பத்து விதையைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக, உறுதியாக இருந்தால் நம்பிக்கை உண்டு. சுருங்கியோ கறுத்தோ வெற்றாகவோ இருந்தால் மேற்கொண்டு படிக்கத் தேவையில்லை.

இரண்டாவது, விதைக்குள் தண்ணீர் போகிறதா? ஒரு கை விதையை எடை போட்டு, ஒரு நாள் முழுக்க ஊறவைத்து, துடைத்துவிட்டு மறுபடி எடை போடுங்கள். ஊதவும் இல்லை, எடையும் கூடவில்லை என்றால் அது கடின விதை. தோல் தண்ணீரை விடவில்லை. கொன்றை, வாகை, கருவேலம், மயில்கொன்றை, சுபாபுல் என்று அவரைக் குடும்பத்து மரங்களில் இது சகஜம்.

நன்றாக ஊதியும் முளைக்காமல் கிடந்தால் உறக்கம் உள்ளே, கருவில் இருக்கிறது. புகைக்கும் ஹார்மோனுக்கும் வேலை இங்கேதான்.

அங்கே நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விதை முற்றும்போது அதில் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் சேருகிறது. முளைக்காதே என்று பிடித்து வைப்பது அதுதான். ஜிப்ரலிக் அமிலம் அடங்கிய ஜிப்ரலின் என்ற ஹார்மோன் குடும்பம் அதற்கு எதிர்த்தரப்பு. அது வளர்ச்சியைத் தடுக்கும் டெல்லா என்ற புரதங்களைச் சிதைக்க வைக்கும், சேமித்த மாவுச்சத்தை உடைக்கும் நொதிகளைத் தூண்டும், வேர்முனையைச் சுற்றியிருக்கும் திசுவைத் தளர்த்தும். இந்த இரண்டில் எது தூக்கலாக இருக்கிறது என்பதைப் பொறுத்தே விதை உறங்கும் அல்லது முளைக்கும். வெளிச்சம், குளிர், நைட்ரேட், புகை எல்லாம் கடைசியில் இந்தச் சமநிலையைத்தான் அசைக்கின்றன.

## எதை வைத்து ஒப்பிடுவது?

என் கணக்கில் முக்கியமானவை ஐந்து. எந்த வகை உறக்கத்துக்கு அது வேலை செய்யும் என்பது முதலாவது. இதில் தப்பினால் மற்ற நான்கும் வீண். அளவு கொஞ்சம் பிசகினால் விதை தாங்குமா என்பது இரண்டாவது. போன முறை வந்த பலன் இந்த முறையும் வருமா என்பது மூன்றாவது. செலவு நான்காவது, அதில் மருந்தின் விலையோடு தராசு, டிரம், நேரம் எல்லாம் அடங்கும். முளைத்த பிறகு நாற்று எப்படி இருக்கும் என்பது ஐந்தாவது. முளைப்பு சதவீதத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கடைசிக் கேள்வியை விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

## புகை நீர்

காட்டுத்தீக்குப் பிறகு செடிகள் கூட்டமாக முளைப்பதற்குச் சூடும் சாம்பலும்தான் காரணம் என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 1990இல் தென்னாப்பிரிக்காவில் டி லாங்கே, பௌச்சர் என்ற இருவர், ஆடுயினியா கேப்பிடேட்டா என்ற அரிய புதர்ச்செடியின் விதைகளைப் புகை மட்டுமே முளைக்க வைப்பதைக் காட்டினார்கள். அதில் நெருப்புச் சூட்டுக்கு வேலையே இல்லை. அதன் பிறகு தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதி, மேற்கு ஆஸ்திரேலியா, கலிஃபோர்னியா என்று தீ அடிக்கடி வரும் நிலங்களின் செடிகள் பலவற்றில் இதே பலன் கிடைத்தது. மேற்கு ஆஸ்திரேலியாவில் பாக்சைட் என்ற அலுமினியத் தாது வெட்டிய இடங்களில் ஜாரா என்ற யூகலிப்டஸ் வகைக் காட்டை மீட்கும் பணியில்கூடப் புகை காட்டிய விதைகளைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

புகையில் இருப்பது ஆயிரக்கணக்கான பொருள்கள். அதில் எது விதையை எழுப்புகிறது என்று கண்டுபிடிக்க 2004 வரை ஆனது. மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகக் குழுவும் தென்னாப்பிரிக்கக் குழுவும் தனித்தனியே ஒரே மூலக்கூறை வந்தடைந்தன. இன்று அந்தக் குடும்பத்துக்குக் கேரிக்கின் என்று பெயர். செல்லுலோஸும் சர்க்கரையும் புகைந்து கருகும்போது உருவாகிறது. நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால்கூட வேலை செய்கிறது. தீயையே பார்க்காத லெட்யூஸ் கீரை விதைகூட இதற்குப் பணிகிறது.

ஆனால் புகை என்பது ஒற்றை மருந்து இல்லை. கலிஃபோர்னியாவின் எம்மெனாந்தே என்ற செடியை எழுப்புவது புகையில் உள்ள நைட்ரஜன் டைஆக்சைடு என்று கீலியும் ஃபாதரிங்காமும் 1997இல் காட்டினார்கள். ஆஸ்திரேலியாவின் கங்காரு பாதச் செடிக்குக் கேரிக்கின் பிடிபடவில்லை. புகையில் உள்ள கிளிசரோநைட்ரைல் தண்ணீரில் கரைந்து வெளியிடும் மிகச்சிறு அளவு சயனைடுதான் அதை எழுப்புகிறது என்று 2011இல் தெரிந்தது. போதாததற்கு, முளைப்பைத் தடுக்கும் பொருள்களும் அதே புகையில் உண்டு. நீர்த்துப்போகச் செய்யாத புகை நீரில் விதை முளைக்காமல் போவதற்கு அதுவே காரணம்.

ஹார்மோனோடு இதற்கு என்ன தொடர்பு என்று கேட்டால், கேரிக்கின் தானாக எதையும் முளைக்க வைப்பதில்லை. ஆய்வகங்களில் வழக்கமாகப் பயன்படும் அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் பார்த்தபோது, விதை தன் சொந்த ஜிப்ரலினைத் தயாரிக்கத் தேவையான மரபணுக்களைக் கேரிக்கின் முடுக்கிவிடுவது தெரிந்தது. ஜிப்ரலின் தயாரிப்பைத் தடுத்துவிட்டால் புகைக்குப் பலன் இல்லை. வெளிச்சமும் வேண்டியிருந்தது. அதாவது புகை, விதையிடம் வேலை சொல்கிறது. ஜிப்ரலிக் அமிலக் கரைசல் அந்த வேலையின் விளைபொருளையே வெளியிலிருந்து கொடுக்கிறது. புகை சில விதைகளில் அற்புதமாகவும் பலவற்றில் ஒன்றுமில்லாமலும் போவது இதனால்தான். எல்லா விதையும் அந்தச் சொல்லைக் கேட்பதில்லை. சில நேர்மாறாகவும் கேட்கும். நிழலில் வைத்த சோயா விதைக்குக் கேரிக்கின் கொடுத்தபோது அப்சிசிக் அமிலம் கூடி, ஜிப்ரலின் குறைந்து, முளைப்பு தாமதப்பட்டது.

தயாரிப்பது கடினமில்லை. மூடியுள்ள இரும்பு டிரம்மில் காய்ந்த புல், வைக்கோல், சருகு போட்டு, கொஞ்சம் பச்சைத் தழையும் சேர்த்து, கொழுந்துவிட்டு எரியாமல் புகைய விட வேண்டும். ஊதுகுழல் மின்விசிறி ஒன்றால் புகையைக் குழாய் வழியே தண்ணீருக்குள் தள்ளினால் ஒரு மணி நேரத்தில் தண்ணீர் தேயிலை நிறத்துக்கு வரும். கொழுந்து எரிந்தால் கேரிக்கின் மிஞ்சாது. புல்லை 200 டிகிரி வாக்கில் சூடாக்கினாலே அது உருவாகிவிடும். வடிகட்டி, பாட்டிலில் ஊற்றி, குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் பல மாதம் கெடாது. பயன்படுத்தும்போது பத்துக்கு ஒன்று, ஐம்பதுக்கு ஒன்று, நூறுக்கு ஒன்று என்று நீர்த்துப்போகச் செய்து சோதித்துவிட்டே மொத்த விதையையும் போட வேண்டும்.

செலவு சும்மா மாதிரித் தெரியும். மறைந்திருக்கும் செலவு வேறு. நேற்று வைக்கோலில் எடுத்த புகை நீரும் இன்று தென்னை ஓலையில் எடுத்ததும் ஒன்றில்லை, ஆகவே ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சோதனை வைக்க வேண்டும். புகையில் தாரும் புற்றுநோய் வரவழைக்கும் பொருள்களும் உண்டு. கார்பன் மோனாக்சைடு இருப்பதால் மூடிய அறையில் செய்யவே கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் மாடியில் துணி காயப்போட்டிருந்தால் அந்தச் சண்டை தனிக் கணக்கு. பிளாஸ்டிக் பை, பெயின்ட் அடித்த பலகை எதுவும் டிரம்மில் போகக் கூடாது. இன்னொன்றும் உண்டு: பாத்தியில் தெளித்தால் மண்ணில் உறங்கும் களை விதைகளும் சேர்ந்து எழும். காட்டு ஓட்ஸ் போன்ற களைகள் புகைக்கு நன்றாகவே முளைக்கின்றன.

அடுப்புக்கு மேல் பரணில் விதைக் கதிரைத் தொங்கவிடும் நம் பழக்கத்தை இதோடு முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. பரணில் விதை காய்ந்து, பூச்சி அண்டாமல் இருப்பதுதான் அதன் முதல் பயன். தென்னாப்பிரிக்காவில் மக்காச்சோளக் கதிரை இப்படித் தொங்கவிடுவதை ஆராய்ந்து, நாற்று வீரியத்திலும் பயன் கண்டிருக்கிறார்கள். அதற்காக, பரணில் இருந்த விதைக்கெல்லாம் உறக்கம் கலைந்துவிட்டது என்று சொல்ல முடியாது.

## ஜிப்ரலிக் அமிலம்

இது கண்டுபிடிக்கப்பட்டதே நெல் வயலில். நாற்று அசாதாரணமாக நெடுநெடுவென்று வளர்ந்து, வெளிறி, கதிர் பிடிக்காமல் சாகும் ஒரு நோய் ஜப்பானில் இருந்தது. அதற்குக் காரணமான பூஞ்சை வெளியிடும் ஏதோ ஒரு பொருள்தான் நாற்றை நீள வைக்கிறது என்று 1926இல் தைவானில் வேலை பார்த்த குரோசாவா காட்டினார். 1930களில் யபுட்டா அதற்கு ஜிப்ரலின் என்று பெயர் வைத்துப் படிகமாகவும் பிரித்தெடுத்தார். இன்றும் அதே பூஞ்சையை வளர்த்துத்தான் இதைத் தயாரிக்கிறார்கள்.

அந்த நோயின் அடையாளத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அளவு கூடினால் உங்கள் நாற்றும் அதே மாதிரித்தான் இருக்கும்: நீண்டு, மெலிந்து, வெளிறி, காற்றடித்தால் சாய்ந்து. தண்டு மெலிந்த நாற்றை நாற்றழுகல் முதலில் பிடிக்கும்.

மற்றபடி இதன் பெரிய பலம், அளந்து கொடுக்கலாம் என்பது. பன்னாட்டு விதைப் பரிசோதனை விதிகளிலேயே உறக்கமுள்ள விதைக்கு வழக்கமான அளவு 0.05 சதவீதம், அதாவது 500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 500 பங்கு) என்று இருக்கிறது. உறக்கம் லேசாக இருந்தால் 200, ஆழமாக இருந்தால் 1,000 வரை போகலாம். சந்தனத்துக்கு நாற்றங்கால்களில் எல்லோரும் கையாளுவதும் 500 பிபிஎம் கரைசலில் ஓர் இரவு ஊறவைப்பதுதான். சீத்தா, பப்பாளிக்கும் இது நன்றாகவே உதவும். பப்பாளியில் விதையைச் சுற்றியுள்ள ஜவ்வைச் சாம்பலோ மணலோ போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டு ஊறவைக்க வேண்டும், முளைப்பைத் தடுக்கும் பொருள் அதில் இருக்கிறது.

வாங்கும்போதுதான் பெரும்பாலோர் சறுக்குவது. உரக்கடையில் ஜிப்ரலிக் என்று கேட்டால் கைக்கு வருவது 0.001 சதவீதத் திரவம். அது பயிரின் மேல் தெளிக்கும் சரக்கு. 0.001 சதவீதம் என்றால் 10 பிபிஎம். பாட்டிலில் உள்ளதை ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கலக்காமல் அப்படியே ஊற்றினாலும் சந்தனத்துக்குத் தேவையானதில் ஐம்பதில் ஒரு பங்குதான். 'ஜிப்ரலிக் போட்டேன், பலன் இல்லை' என்று சொல்பவர்களிடம் முதலில் பாட்டிலைக் காட்டச் சொல்ல வேண்டும். விதைக்கு வேண்டியது 90 சதவீதப் பொடி, அல்லது திராட்சைத் தோட்டக்காரர்கள் வாங்கும் 40 சதவீதக் குருணை. 500 பிபிஎம் கரைசலுக்கு லிட்டருக்குப் பொடி என்றால் 0.55 கிராம், குருணை என்றால் 1.25 கிராம்.

பொடி தண்ணீரில் லேசில் கரையாது. சில மில்லி எத்தனால் அல்லது மருந்துக்கடை ஸ்பிரிட்டில் குழைத்துவிட்டுத் தண்ணீரைச் சேர்க்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர் வேண்டாம். காரத்தன்மையுள்ள நீரில் இந்த அமிலம் சிதையும். மழைநீரோ வடிகட்டிய நீரோ போதும். வெயில் படாமல் வையுங்கள், கலந்ததை அன்றே பயன்படுத்துங்கள்.

செலவைப் பார்த்தால், ஒரு கிலோ சந்தன விதை மூழ்க ஒன்றரை லிட்டர் கரைசல் போதும். அதற்கு ஒரு கிராம் பொடிகூட வேண்டியதில்லை. கிலோவுக்குச் சுமார் 6,000 விதை என்று வைத்துக்கொண்டால் விதைக்கு ஆகும் மருந்துச் செலவு பேசும்படி இருக்காது. நிஜச் செலவு 0.01 கிராம் வரை காட்டும் தராசு. கண்ணளவில் 'ஒரு சிட்டிகை' போடுகிறவர்களுக்கு இந்த முறை சரிப்படாது.

செய்ய முடியாததும் உண்டு. தோல் தண்ணீர் விடாத விதைக்குள் கரைசலும் போகாது. செத்த விதையை எழுப்பாது. ஊறவைத்தபின் விதை பூஞ்சைக்கு எளிதில் இரையாகும். சந்தனத்தில் ஃபியூசேரியம் பூஞ்சையும் நூற்புழுவும் கூட்டாகத் தாக்குவது நாற்றங்காலின் நிரந்தரத் தலைவலி. ஆகவே மணற்பாத்தியைச் சுத்தமாக வைக்காமல் ஜிப்ரலிக்கை மட்டும் நம்பினால், முளைத்த வேகத்திலேயே நாற்று சாயும்.

## எத்ரல், பொட்டாசியம் நைட்ரேட்

வாழைத்தாருக்கு மூட்டம் போட்டுப் பழுக்க வைத்தவர்களுக்குப் புகையில் எத்திலீன் இருப்பது அனுபவத்தில் தெரியும். எத்திலீனும் ஒரு தாவர ஹார்மோன். அது வாயு, புகை நீராக்கும்போது பெரும்பகுதி பறந்துவிடும். விதைக்கு அதைக் கொடுக்க வேண்டுமானால், எத்திலீனை வெளியிடும் எத்ரல் என்ற மருந்துதான் வழி. இது சரியாகப் பொருந்தும் பயிர் நிலக்கடலை. கொடிக்கடலை ரகங்களின் விதைக்கு உறக்கம் உண்டு, எத்திலீன் அதைக் கலைக்கும். கொத்துக்கடலை ரகங்களில் பெரும்பாலும் உறக்கமே இல்லை, அங்கே எத்ரல் வெட்டிச் செலவு. எத்ரல் அமிலத்தன்மை கொண்டது, கையுறை இல்லாமல் தொட வேண்டாம்.

எத்திலீனை எதிர்ப்பக்கமாகவும் பயன்படுத்தலாம் என்பது ஒரு சுவாரசியமான செய்தி. சோளத்தையும் கரும்பையும் உறிஞ்சும் ஒட்டுண்ணிக் களையான சுடுமல்லியின் விதை, பக்கத்தில் பயிர்வேர் கசியும் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற ஹார்மோன் கிடைத்தால்தான் முளைக்கும். அமெரிக்காவின் கரோலினா மாநிலங்களில் பயிரில்லாத மண்ணுக்குள் எத்திலீனைச் செலுத்தி, அதை ஏமாற்றி முளைக்க வைத்துப் பட்டினி போட்டுக் கொன்றார்கள்.

பொட்டாசியம் நைட்ரேட் மலிவு, பரிசோதனைக்கூட அளவு 0.2 சதவீதம், அதாவது லிட்டருக்கு 2 கிராம். பப்பாளி, கத்தரி, மிளகாய், புல் விதைகள், லேசான உறக்கம் உள்ளவை எல்லாவற்றுக்கும் முதலில் இதைத்தான் முயல்வேன். அளவு கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் நாற்று நீண்டு மெலியாது. ஆழ்ந்த உறக்கத்தை இது கலைக்காது.

## வெந்நீர், உரசல்

கொன்றை, வாகை, கருவேலம் போட்டுவிட்டுப் புகை நீரைத் தேடுகிறவர்களுக்கு என் பதில் இந்தப் பகுதிதான். தீ வந்தபின் இவை முளைப்பது தோலைச் சூடு வெடிக்க வைப்பதால். புகைக்கு அதில் பங்கு இல்லை.

சிறிய அளவுக்கு நகவெட்டியோ உப்புத்தாளோ போதும். விதையில் முளை வரும் பக்கத்தை விட்டுவிட்டு எதிர்ப்பக்கத்தில் தோலை லேசாகக் கீறுங்கள், உள்ளே வெள்ளை தெரிந்தால் நிறுத்துங்கள். இதைவிட நம்பகமான முறை எதுவும் கிடையாது. நூறு விதைக்கு மேல் என்றால் கை வலிக்கும். அப்போது தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அடுப்பிலிருந்து இறக்கி, கொதி அடங்கியதும் விதையைக் கொட்டி, அப்படியே ஆறவிட்டு மறுநாள் வரை ஊறவிடுங்கள். ஊதியதைப் பொறுக்கி நட்டுவிட்டு, ஊதாததற்கு இன்னொரு முறை. அடுப்பில் இருக்கும்போதே விதையைப் போட்டால் வெந்துவிடும்.

கந்தக அமிலம் பெரிய நாற்றங்கால்களில் நன்றாக வேலை செய்கிறது. வீட்டில் வேண்டாம். சில நிமிடம் கூடினால் விதை சாகும், தெறித்தால் கண் போகும். கருவேல நெற்றை ஆடு தின்று போட்ட புழுக்கையிலிருந்து விதை பொறுக்குவது அமிலத்தையே ஆட்டின் வயிற்றிடம் விட்டுவிடுகிற வழி. ஆட்டுப்பட்டி பக்கத்தில் இருந்தால் இதைத் தாராளமாகச் செய்யலாம். தேக்குக் காய் தனி ரகம்: பகலில் வெயில், இரவில் தண்ணீர் என்று ஒன்றிரண்டு வாரம் மாற்றி மாற்றிப் போடுவதுதான் வழக்கம்.

## சும்மா காத்திருத்தல்

இதை யாரும் ஒரு வழியாகக் கணக்கில் எடுப்பதில்லை. அறுவடையான நெல்லுக்கு இருக்கும் உறக்கம் சில வாரங்களில் தானே போய்விடும். சந்தன விதைக்கும் எடுத்ததிலிருந்து சுமார் இரண்டு மாத உறக்கம் உண்டு. காயவைத்துப் பத்திரப்படுத்தினால் அது குறையும். அவசரம் இல்லாதவர்கள் ஊக்கியே வாங்காமல் இருக்கலாம். அறுவடை நேரத்தில் மழை பிடித்தால் உறக்கமில்லாத கடலை செடியிலேயே முளைத்து நாசமாவதைப் பார்த்த விவசாயிக்கு, உறக்கம் ஒரு குறை இல்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சாணிப்பால், பஞ்சகவ்யம், இளநீர் ஆகியவற்றையும் கேட்பார்கள். இளநீரில் சைட்டோகைனின் என்ற தாவர ஹார்மோன் இருப்பது உண்மை. கூடவே சர்க்கரையும் இருப்பதால் பூஞ்சை பிடிக்கும். பொதுவான விதை நேர்த்திக்கு இவற்றைப் பயன்படுத்துங்கள். ஆழ்ந்த உறக்கத்தைக் கலைக்க இவற்றை நம்பிப் பாத்தி போட மாட்டேன்.

## ஒரே பார்வையில்

| முறை | எந்த விதைக்கு | அளவு பிசகினால் | மறுமுறையும் அதே பலன்? | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| புகை நீர் | கருவில் உறக்கம் உள்ள சிறு விதைகள், புற்கள், தீ வரும் நிலத்துச் செடிகள் | கெட்டியானால் முளைப்பே தடைபடும் | உறுதியில்லை | ஒவ்வொரு தடவையும் சோதனை, புகை, களை |
| ஜிப்ரலிக் அமிலம் | சந்தனம், சீத்தா, பப்பாளி | நாற்று நீண்டு மெலியும் | ஓரளவு உறுதி | தராசு, சரியான சரக்கு தேடல், பூஞ்சைக் கட்டுப்பாடு |
| எத்ரல் | கொடிக்கடலை | வேர் பாதிக்கும் | அந்தப் பயிரில் உறுதி | கையாளும் ஆபத்து |
| பொட்டாசியம் நைட்ரேட் | லேசான உறக்கம் | பெரிதாகக் கெடாது | நடுத்தரம் | ஏதுமில்லை |
| வெந்நீர், உரசல் | தண்ணீர் புகாத கடின விதை | விதை வேகும் | உறுதி | உழைப்பு |
| காத்திருத்தல் | புதிதாக எடுத்த விதை | சேமிப்பு மோசமானால் விதை சாகும் | விதையைப் பொறுத்தது | காலம், இடம் |

## உங்கள் நிலைமைக்கு எது?

ஒரு கிலோ, இரண்டு கிலோ சந்தனம் போடும் நாற்றங்காலுக்குச் சந்தேகமே வேண்டாம், ஜிப்ரலிக்தான். ஒரு விதைக்குக் கொடுத்த காசு அதிகம், ஒரே சமயத்தில் முளைத்தால்தான் பைக்கு மாற்றவும், பக்கத்துச் செடியின் வேரைச் சார்ந்து வளரும் சந்தனத்துக்குத் துவரையைத் துணைச்செடியாக அமைக்கவும் வசதி. ஊறவைத்த பிறகும் முளைப்பு ஒரு மாதம் கழித்துத் தொடங்கி மூன்று மாதம் வரை இழுக்கலாம். நாற்பதாம் நாள் பாத்தியைக் கிளறிவிடாதீர்கள்.

பள்ளிக்கோ தெருவுக்கோ கொன்றையும் வாகையும் வளர்ப்பவர்கள் ஒரு பைசா செலவழிக்க வேண்டாம். வெந்நீர் போதும்.

தோலும் கடினம், உள்ளேயும் உறக்கம் என்று இரண்டும் சேர்ந்த விதைகள் உண்டு. அங்கே வரிசை முக்கியம். முதலில் தோலைக் கீறி, தண்ணீர் போவதை உறுதி செய்துகொண்டு, அப்புறம்தான் ஊக்கி.

வெளிநாட்டு விதை வாங்கி வளர்க்கும் மாடித்தோட்டக்காரர்கள், அது கேப் பகுதி அல்லது ஆஸ்திரேலியச் செடி என்றால் புகை நீரை முயலலாம். ஆனால் அந்தக் குடும்பங்களிலும் எல்லாமே புகைக்கு முளைப்பதில்லை என்பதால் விதைப் பொட்டலத்தில் புகை பற்றிக் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து விதைக்காக டிரம் மூட்டுவது அதிகப்படி. இதற்கென்று புகை ஏற்றி உலர்த்திய தாள்களைத் தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன்போஷ் தாவரவியல் பூங்கா அறிமுகப்படுத்தியது. கிடைத்தால் அது வசதி.

புகைக்கு நம் பக்கத்தில் நல்ல இடம் புல்வெளி மீட்பு என்று நினைக்கிறேன். தெமேடா ட்ரையாண்ட்ரா என்ற புல் புகைக்கு முளைப்பதைத் தென்னாப்பிரிக்காவில் 1990களிலேயே பார்த்திருக்கிறார்கள். அதே புல் இந்தியாவிலும் வளர்கிறது. கிலோக்கணக்கில் விதை, ஏக்கர்க்கணக்கில் நிலம் என்று வரும்போது மலிவாகப் பெருமளவில் தயாரிக்கக்கூடிய புகை நீர் ஜிப்ரலிக்கை முந்தும். ஆனால் மொத்த விதையையும் எழுப்பிவிடக் கூடாது. எல்லாம் ஒன்றாக முளைத்த பிறகு பதினைந்து நாள் மழை இல்லையென்றால் எல்லாம் ஒன்றாகக் காயும். பாதியை நேர்த்தி செய்து, மீதியை அப்படியே கலந்து தூவுவது பாதுகாப்பு.

எந்த முறையானாலும் நாலு தட்டு வையுங்கள்: ஒன்றில் வெறும் தண்ணீரில் ஊறிய விதை, மற்றவற்றில் மூன்று வெவ்வேறு அளவு. தட்டுக்கு ஐம்பது விதை இருந்தால் போதும். வெறும் தண்ணீர்த் தட்டு இல்லாமல் செய்யும் சோதனைக்கு அர்த்தம் இல்லை. அந்த வாரம் மழை பெய்து குளிர்ந்ததால் முளைத்ததா, மருந்தால் முளைத்ததா என்று தெரியாது.

இயற்கைச் சான்றிதழ் பெற்ற பண்ணை என்றால் இவ்வளவுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஜிப்ரலிக், எத்ரல், பொட்டாசியம் நைட்ரேட் மூன்றும் சிக்கலில் மாட்டக்கூடியவை. புகை நீர்கூட வீட்டில் எடுத்தது என்பதால் மட்டும் தானாக அனுமதி பெற்றுவிடாது. சான்றளிக்கும் அமைப்பிடம் எழுத்தில் கேட்டு, பதிலும் எழுத்தில் வாங்கிய பிறகு விதையை ஊறவையுங்கள். வெந்நீருக்கும் உப்புத்தாளுக்கும் அந்தத் தொல்லை இல்லை.